காணொலித் தொகுப்பில் விரைவுச் சேமிப்பகம்

நுழையும்முன்

கைப்பேசியில் படம்பிடிக்காத மாணவரை இன்று காண்பது அரிது. பிடித்த படத்தை வெட்டி, ஒட்டி, வண்ணம் சேர்த்து, இசை கோத்து ஒரு குறும்படமாக ஆக்க முனையும்போதுதான் கணினி திணறுகிறது. அத்திணறலின் காரணம் யாது? வெளியிலிருந்து இணைக்கும் உள்ளங்கையளவு கருவி ஒன்று அதனை எவ்வாறு போக்குகிறது? போக்கும்போதே எந்த இழப்பிற்கு வழி திறந்துவிடுகிறது? இவற்றை இப்பாடம் விளக்குகிறது.

கத்தரியிலிருந்து கணினிக்கு

படச்சுருளை வைத்துத் திரைப்படம் தொகுத்த காலத்தில் தொகுப்பாளரின் மேசைமீது வெட்டுங்கருவியும் ஒட்டுநாடாவும் இருந்தன. 35 மி.மீ. சுருளில் ஓரடி நீளத்திற்கு 16 சட்டகங்கள். விநாடிக்கு 24 சட்டகங்கள் ஓடவேண்டுமாதலின் ஒரு நிமிடக் காட்சிக்கு 90 அடிச் சுருள் தேவை. ஆயிரம் அடிச் சுருள் ஏறத்தாழ 11 நிமிடங்களில் ஓடி முடிந்துவிடும். 1924இல் அமெரிக்காவில் ஐவன் செரூரியர் உருவாக்கிய மூவியோலா என்னும் பொறியில் சுருளை ஓட்டிப் பார்த்து, வேண்டிய இடத்தில் வெட்டினர். வெட்டிய துண்டுகளை மேசையருகே வரிசையாகத் தொங்கவிட்டனர். அடுத்து எந்தத் துண்டு வேண்டுமோ, அது கையெட்டும் தொலைவில் இருக்கவேண்டும் என்பதே அதன் நோக்கம்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொகுப்பாளர் வெட்டியது படப்பிடிப்பில் பதிவான மூல எதிர்ச்சுருளை அன்று; அதிலிருந்து எடுத்த ஒரு படியை மட்டுமே. மூலச்சுருள் ஆய்வகத்தில் காப்பாக இருந்தது. படி கிழிந்தால் இன்னொரு படி எடுத்துக்கொள்ளலாம். மூலம் கிழிந்தால் படமே இல்லை. இவ்வேறுபாட்டை நினைவில் நிறுத்துங்கள். பாடத்தின் பிற்பகுதியில் இது மீண்டும் வரும்.

நினைத்த காட்சியை நினைத்த நொடியில் எடுத்துப் பார்க்கும் தொகுப்புமுறை 1971இல் முதன்முதலாக ஒரு கருவியாக உருப்பெற்றது. சிபிஎஸ், மெமோரெக்ஸ் ஆகிய இரு நிறுவனங்கள் இணைந்து உருவாக்கிய சிஎம்எக்ஸ் 600 என்னும் அக்கருவி, கறுப்பு வெள்ளைக் காட்சிகளைச் சுழலும் காந்தத் தட்டுகளில் பதிந்து வைத்தது. தொகுப்பாளர் ஒளிப்பேனாவால் திரையைத் தொட்டுக் காட்சிகளைத் தெரிவு செய்தார். 1989இல் ஏவிட் நிறுவனத்தின் கருவி வந்தபின் கணினித் தொகுப்பு நிலைபெற்றது. கருவிகள் மாறினாலும், தொகுப்பாளரின் கைக்கு எது உடனே எட்டவேண்டும் என்ற வினா மாறவில்லை.

திணறல் எங்கே நிகழ்கிறது?

முழு உயர்தெளிவுக் காட்சி ஒன்றில் அகலவாக்கில் 1920, உயரவாக்கில் 1080 என மொத்தம் 20,73,600 படப்புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட் எனக் கொண்டால் ஒரு சட்டகத்திற்கு ஏறத்தாழ 6.2 மெகாபைட், விநாடிக்கு 24 சட்டகங்கள் எனில் 149 மெகாபைட். 4கே எனப்படும் 3840க்கு 2160 அளவுள்ள காட்சியில் இது நான்கு மடங்காகி, விநாடிக்கு ஏறத்தாழ 597 மெகாபைட் ஆகிறது. இதனை அப்படியே பதிந்தால் எந்தக் கைப்பேசியும் சில நிமிடங்களில் நிரம்பிவிடும்.

எனவே கைப்பேசி காட்சியைச் சுருக்கிப் பதிகிறது. பரவலாக வழங்கும் எச்.264 என்னும் சுருக்கமுறை 2003இல் தரப்படுத்தப்பட்டது. இம்முறையில் எல்லாச் சட்டகங்களும் முழுப்படங்களாகப் பதியப்படுவதில்லை. ஒரு சட்டகம் முழுமையாகப் பதியப்பெறும். அதனை அடுத்து வருவனவற்றில், முன்னதிலிருந்து எது மாறியதோ அம்மாற்றம் மட்டும் குறிக்கப்பெறும். பேசுபவரின் உதடு அசைகிறது, பின்னாலுள்ள சுவர் அசையவில்லை. ஆகவே சுவரைத் திரும்பத் திரும்பப் பதிவானேன்? இச்சிக்கனம் பார்ப்பதற்குப் பொருத்தமானது. தொகுப்பதற்கு இதுவே இடையூறாகிறது. நீங்கள் காட்சியின் நடுவே ஒரு சட்டகத்தைத் தொட்டால், கணினி பின்னோக்கிச் சென்று ஒரு முழுச்சட்டகத்தைத் தேடிப் பிடித்து, அதிலிருந்து மாற்றங்களை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் அச்சட்டகத்தைக் காட்ட இயலும். அதன்மேல் வண்ணச் சீரமைப்பும் எழுத்துகளும் பிற விளைவுகளும் சேருமாயின், அவற்றையும் சட்டகந்தோறும் கணக்கிட வேண்டும். ஒரு சட்டகத்திற்குக் கிடைக்கும் நேரமோ 41.7 மில்லிவிநாடி. அதற்குள் கணக்கு முடியவில்லையெனில் படம் தத்தித் தத்தி ஓடும்.

கேஷ் என்னும் இடைச்சேமிப்பு

முடிந்த கணக்கை மீண்டும் போடாமல் வைத்துக்கொள்வதே இதற்குத் தீர்வு. ஒருமுறை கணக்கிட்ட சட்டகங்களைத் தொகுப்பு மென்பொருள் ஒரு தனிக் கோப்புறையில் எழுதி வைக்கிறது. அடுத்தமுறை அவ்விடத்தை நீங்கள் ஓட்டும்போது கணக்கிடாமல் எடுத்துக் காட்டுகிறது. இவ்வாறு வைக்கப்படுவனவற்றைக் கேஷ் கோப்புகள் என்பர். ஒளித்து வைத்தல் எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. தமிழில் இதற்கு அறிஞர் பலர் பலவாறு சொல்லாக்கம் செய்துள்ளனர்; ஒன்றும் இன்னும் நிலைபெறவில்லை. தொகுப்பறைகளில் கேஷ் என்றே வழங்குவதால் இப்பாடமும் அச்சொல்லையே ஆள்கிறது.

காலையில் விருந்து என்றால் முதல்நாள் இரவே மாவரைத்து, மசாலை அரைத்து, காய் நறுக்கி வைப்பதை வீட்டில் பார்த்திருப்பீர்கள். அடுப்பு மூட்டியபின் அம்மியைத் தேடுவதில்லை. கேஷ் அவ்வாறு அரைத்து வைத்த மசாலையே. அது கெட்டால் மீண்டும் அரைத்துக்கொள்ளலாம். நேரம் போகும், பண்டம் போகாது.

பிரீமியர் புரோ மென்பொருளில் ஒரு காட்சிக்கோப்பைச் சேர்த்தவுடனே, அதன் ஒலியலை வடிவத்தை விரைந்து வரைந்து காட்டுவதற்கான சிறு கோப்புகள் உருவாகின்றன. டாவின்சி ரிசால்வ் மென்பொருள், கடினமான விளைவுகள் சேர்ந்த பகுதிகளைத் தானே கண்டறிந்து சட்டகங்களாக எழுதி வைக்கும் வசதியைக் கொண்டது. இவை போதாவிடில் பதிலிக் கோப்புகளையும் உருவாக்கலாம். மூலக்காட்சியின் சிறிய, எளிதில் ஓடும் படி ஒன்றைச் செய்து, அதனை வைத்துத் தொகுத்து, இறுதியில் மட்டும் மூலத்திற்குத் திரும்புவதே பதிலி முறை. அன்றைய தொகுப்பாளர் சுருளின் படியை வெட்டிய அதே முறைதான்.

இக்கோப்புகள் எவ்வளவு பெரியவை என்பதை ஒரு கணக்கால் அறியலாம். விநாடிக்கு 50 மெகாபிட் என்ற அளவில் பதியும் கைப்பேசியின் ஒரு மணிநேரக் காட்சி 22.5 கிகாபைட் இடத்தைக் கொள்ளும். அதே காட்சியைத் தொகுப்பிற்கு உகந்த புரோரெஸ் 422 எச்கியூ என்னும் வடிவில், 4கே அளவில், விநாடிக்கு 24 சட்டகங்களாக எழுதினால் விநாடிக்கு ஏறத்தாழ 88 மெகாபைட்; ஒரு மணிநேரத்திற்கு 318 கிகாபைட். பதினான்கு மடங்கு! மூலக்காட்சியைப் படிப்பதற்குச் சேமிப்பகம் விரைவாக இருக்கவேண்டும் என்பதில்லை. சுமை அங்கே செயலியின் மேல். கேஷைப் படிப்பதற்குத்தான் விரைவு வேண்டும். செயலியின் சுமையைச் சேமிப்பகத்தின் தோளுக்கு மாற்றுவதே கேஷின் வேலை எனலாம்.

சுழலும் தட்டும் சுழலாத சில்லும்

மடிக்கணினியின் உள்ளே இடம் குறைவு. இயங்குதளமும் மென்பொருள்களும் பாதியை எடுத்துக்கொண்டபின் மீதியைக் கேஷ் சில நாள்களில் விழுங்கிவிடும். ஆகவே வெளிப்புறச் சேமிப்பகம் தேவையாகிறது. கடைக்குச் சென்றால் இருவகை காட்டுவார்கள். விலை குறைந்தது வன்தட்டு. விலை கூடியது எஸ்எஸ்டி எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகம்.

வன்தட்டினுள் காந்தப் பூச்சுள்ள தட்டு ஒன்று சுழன்றுகொண்டே இருக்கும். கையடக்க வன்தட்டுகளில் பெரும்பாலும் நிமிடத்திற்கு 5400 சுற்றுகள். அஃதாவது ஒரு சுற்றுக்கு 11 மில்லிவிநாடி. தட்டின்மேல் ஒரு முனை முன்னும் பின்னும் நகர்ந்து தகவலைப் படிக்கும். முனை உரிய தடத்திற்கு நகரவும், தட்டின் உரிய பகுதி முனையின் கீழ் சுழன்று வரவும் சேர்த்து ஒவ்வொரு தாவலுக்கும் ஏறத்தாழ 15 மில்லிவிநாடி செலவாகும். ஒரே கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது தாவல் குறைவு; விநாடிக்கு நூறு மெகாபைட்டுக்கு மேலும் வன்தட்டு தரும். தொகுப்பில் அவ்வாறு நிகழ்வதில்லை. ஒரு காட்சி, அதன்மேல் இன்னொரு காட்சி, பேச்சொலி ஓரிடம், இசை வேறிடம். இரண்டு மூன்று தாவல்களுக்குள் 41.7 மில்லிவிநாடியும் கரைந்துவிடும். இரண்டு 4கே கேஷ் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடவேண்டுமெனில் விநாடிக்கு 176 மெகாபைட் வேண்டும். கையடக்க வன்தட்டு இதற்கு ஈடுகொடுக்காது.

எஸ்எஸ்டியில் சுழல்வதும் நகர்வதுமான உறுப்பு ஒன்றும் இல்லை. ஃபிளாஷ் என்னும் நினைவகச் சில்லுகளில் மின்னூட்டமாகத் தகவல் நிற்கிறது. இந்நினைவகத்தை உருவாக்கியவர் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய பூஜியோ மசுவோகா. 1984இல் தம் ஆய்வை அறிஞர் மாநாட்டில் வெளியிட்டார். எங்கிருந்து படித்தாலும் அடைய ஆகும் நேரம் மிகச் சிறிது. மில்லிவிநாடியின் சிறு கூறு. சாட்டா வகையினுடைய எஸ்எஸ்டி விநாடிக்கு ஏறத்தாழ 550 மெகாபைட்டும், என்விஎம்இ வகையினது ஆயிரக்கணக்கான மெகாபைட்டும் தரவல்லவை.

தெரிந்து தெளிவோம்

ஃபிளாஷ் நினைவகத்தில் ஒரு பெருந்தொகுதி முழுவதையும் ஒரே நேரத்தில் அழித்துவிடலாம். அவ்வழிப்பின் விரைவு, ஒளிப்படக் கருவியின் பளிச்சிடும் விளக்கை நினைவூட்டியதால் மசுவோகாவின் உடன்பணியாளர் ஒருவர் இப்பெயரைப் பரிந்துரைத்தார்.

அந்த அழிப்பு முறையில் ஒரு குறையும் உண்டு. பலகையில் ஓர் எழுத்தை மட்டும் துடைத்து மாற்றுவதுபோல் ஃபிளாஷில் மாற்றி எழுத முடியாது. எழுதுவது சிறு பக்கமாக. அழிப்பதோ பல பக்கங்கள் அடங்கிய பெருந்தொகுதியாக. சேமிப்பகம் நிரம்பிய நிலையில் புதிதாக எழுத வேண்டுமெனில், உள்ளிருக்கும் பயனுள்ள பக்கங்களை வேறிடத்திற்கு மாற்றி, தொகுதியை அழித்து, பின்னரே எழுதவேண்டும். ஆதலின் நிரம்பிய எஸ்எஸ்டி மெதுவாகும். ஐந்தில் ஒரு பங்காவது வெற்றிடமாக விட்டுவைப்பது நன்று. மேலும், விலை மலிந்த பலவற்றில் முதற்பகுதி மட்டும் விரைவாக எழுதும். அது நிரம்பியபின் வேகம் வன்தட்டினளவிற்கே வீழ்வதும் உண்டு. அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் அந்த முதற்பகுதியின் வேகம். ஐம்பது, அறுபது கிகாபைட் கோப்புகளைத் தொடர்ந்து படியெடுத்துப் பார்த்து, வேகம் எந்த இடத்தில் சரிகிறது என்று நோக்கினால் உண்மை தெரியும். வாங்கிய அன்றே இதனைச் செய்துவிடுங்கள்.

வெப்பமும் வேகத்தைக் குறைக்கும். நெடுநேரம் எழுதினால் சில்லும் அதன் கட்டுப்படுத்தியும் சூடேறும். சூடு எல்லை கடந்தால் கருவி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைத் தாழ்த்திக்கொள்ளும். மடிக்கணினியின் வெப்பக்காற்று வெளிவரும் துளையருகே அதனை வைப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வடமும் துளையும்

சேமிப்பகம் எவ்வளவு விரைவானதாயினும் இணைக்கும் வழி குறுகலாயின் பயனில்லை. இங்குதான் பிட், பைட் என்னும் சொற்கள் வாங்குவோரை மயக்குகின்றன. இணைப்பின் வேகத்தைப் பிட்டிலும், சேமிப்பகத்தின் வேகத்தைப் பைட்டிலும் கூறுவது வணிக வழக்கம். எட்டுப் பிட் ஒரு பைட். 2000ஆம் ஆண்டின் யூஎஸ்பி 2.0 விநாடிக்கு 480 மெகாபிட் எனப்படுகிறது. வகுத்தால் 60 மெகாபைட். நடைமுறையில் கிடைப்பது 40க்கும் குறைவே. முன்னர்க் கண்ட 88 மெகாபைட் கேஷ் இதன்வழி ஓடாது. 2008இல் வந்த யூஎஸ்பி 3.0 விநாடிக்கு 5 கிகாபிட். செய்தியைக் குறியீடாக்குவதில் ஐந்தில் ஒரு பங்கு கழிவதால் உச்ச அளவு 500 மெகாபைட். கைக்கு வருவது ஏறத்தாழ 400. பள்ளிக் குறும்படத்திற்கு இது தாராளம். பின்னர் வந்த 10 கிகாபிட் இணைப்பும், 40 கிகாபிட் தண்டர்போல்ட் 3 இணைப்பும் தொழில்முறைத் தொகுப்பாளர்களுக்கானவை.

பழைய கணினிகளில் யூஎஸ்பி 3.0 துளையின் உட்பகுதி பெரும்பாலும் நீல நிறமாக இருக்கும். கறுப்பாயின் ஐயுற வேண்டும். டைப்-சி வடங்களில் இந்த அடையாளமும் இல்லை. கைப்பேசிக்கு மின்னேற்றும் டைப்-சி வடங்களுள் பல, யூஎஸ்பி 2.0 வேகத்திற்கு மேல் தகவலைக் கடத்தாதவை. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. விலையுயர்ந்த எஸ்எஸ்டியை வாங்கிவிட்டு, அதனுடன் வந்த வடத்தை எங்கோ வைத்துவிட்டு, மின்னேற்றி வடத்தால் இணைத்து, கருவி பழுது என்று கடைக்காரரிடம் வாதாடியவன் நான்.

கேஷ் எங்கே எழுதப்படவேண்டும் என்பதை மென்பொருளுக்கு நாம்தான் கூறவேண்டும். பிரீமியர் புரோவில் விருப்பத்தேர்வுகளில் உள்ள மீடியா கேஷ் பகுதியிலும், டாவின்சி ரிசால்வில் திட்ட அமைப்புகளிலும் இடத்தை மாற்றலாம். விண்டோஸ் கணினியில் வெளிச்சேமிப்பகத்தின் அடையாள எழுத்து ஒருநாள் ஈ எனவும் மறுநாள் எஃப் எனவும் மாறிவிடுவதுண்டு. அப்போது மென்பொருள் கேஷைக் காணாமல் தடுமாறும். நிலையான ஓர் எழுத்தை ஒருமுறை ஒதுக்கிவிட்டால் அச்சிக்கல் இல்லை.

விதைநெல்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளி மாணவர்கள், ஊரில் ஒப்பாரியும் கும்மிப்பாட்டும் பாடவல்ல மூதாட்டி ஒருவரை இரண்டு நாள் படம்பிடித்து வந்தனர். பாடல்களை ஏட்டில் எழுதியவர் எவருமிலர். தொகுப்பு தொடங்கிச் சில நாளில் சேமிப்பகம் நிரம்பிவிட்டது. கேஷை அழித்தால் இடம் கிடைக்கும் என்று சொல்லிவிட்டு நான் வகுப்பிற்குச் சென்றேன். திரும்பி வருகையில் இடம் கிடைத்திருந்தது. கேஷும் இருந்தது. அழிந்தது மூலக்காட்சிகள் இருந்த கோப்புறை. இரண்டையும் ஒரே சேமிப்பகத்தில், ஒன்றுபோன்ற பெயரில், அருகருகே வைத்தவன் நானே. எனவே அழித்த மாணவனைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. கைப்பேசியில் எஞ்சியிருந்த நான்கு பாடல்கள் கிடைத்தன. மீண்டும் படம்பிடிக்கச் செல்வதற்குள் அம்மூதாட்டி படுக்கையில் விழுந்துவிட்டார்.

உலக அளவிலும் இத்தகைய நிகழ்வு உண்டு. 1998இல் பிக்சார் நிறுவனத்தில் டாய் ஸ்டோரி 2 படம் உருவாகிக்கொண்டிருந்தபோது, தவறுதலாக இடப்பட்ட ஓர் அழிப்புக் கட்டளை படத்தின் கோப்புகளில் பெரும்பகுதியை நீக்கிவிட்டது. காப்புப்படியை நாடினர், அதுவும் சரிவர இயங்கவில்லை எனத் தெரிந்தது. படக்குழுவின் கேலின் சஸ்மன் என்பவர் மகப்பேற்றுக்குப்பின் வீட்டிலிருந்தே பணிசெய்து வந்ததால் அவருடைய வீட்டுக் கணினியில் ஒரு படி இருந்தது. அதனைக் கண்ணாடிப் பாண்டம்போல் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து படத்தை மீட்டனர்.

சமைத்த சோறு சிந்தினால் மீண்டும் உலை வைக்கலாம். விதைநெல் போனால் அந்தப் பட்டமே போயிற்று. கேஷும் பதிலிக் கோப்புகளும் சோறு. கைப்பேசியிலிருந்து இறக்கிய மூலக்காட்சிகள் விதைநெல். விரைவான எஸ்எஸ்டியில் சோற்றை வையுங்கள். விதைநெல்லை விலைமலிந்த வன்தட்டில் வைத்து, இன்னொரு வன்தட்டில் ஒரு படி எடுத்து, அதனை வேறொரு வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ வையுங்கள். மெதுவான வன்தட்டு மூலத்திற்குப் போதும் என்பதை முன்னரே கணக்கிட்டோம். எஸ்எஸ்டியில் நிற்பது மின்னூட்டம்; மின்னிணைப்பின்றி நெடுங்காலம் அலமாரியில் கிடந்தால் அது கசிந்து குறையக்கூடும். அதன் சில்லுகள் எழுதி எழுதித் தேய்பவை. கேஷோ இடைவிடாது எழுதி அழிக்கப்படுவது. தேயப்போகும் பாண்டத்தில் விதையைச் சேமிக்கலாகாது. எங்கள் கணினி அறையில் இப்போது கேஷ் சேமிப்பகத்தின்மேல் சிவப்புத் தாள் ஒட்டியிருக்கிறோம். அதில் உள்ளது எதையும் எவரும் எப்போதும் அழிக்கலாம் என்பது அதன் பொருள்.

தொகுத்த திட்டக்கோப்பு இவ்விரண்டிலும் சேராதது. எங்கு வெட்டினோம், எதனை எதனோடு சேர்த்தோம் என்ற குறிப்பே அக்கோப்பு. அளவில் மிகச் சிறிது. உழைப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. நாள்தோறும் அதன் படியை வேறிடத்தில் சேமியுங்கள்.

இனி, கருவியைக் கழற்றும் முறை. விண்டோஸிலும் மேக்கிலும் பயன்படுமாறு வெளிச்சேமிப்பகங்கள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்னும் அமைப்பில் ஒழுங்கு செய்யப்படுகின்றன. பழைய ஃபேட்32 அமைப்பில் 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட தனிக்கோப்பு அடங்காதாகையால் காணொலிக்கு அது உதவாது. எக்ஸ்ஃபேட் அமைப்பு, எழுதும் செயல்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் நாட்குறிப்பு இல்லாதது. எழுதிக்கொண்டிருக்கும்போது வடத்தைப் பிடுங்கினால் அந்தக் கோப்பு மட்டுமன்றி, எக்கோப்பு எங்குள்ளது என்ற அட்டவணையே சிதையக்கூடும். ஆகவே முதலில் தொகுப்பு மென்பொருளை மூடுங்கள். பின்னணியில் கேஷ் எழுதப்படுவது அப்போதுதான் நிற்கும். பிறகு இயங்குதளத்தில் பாதுகாப்பாக நீக்குவதற்கான கட்டளையைக் கொடுத்து, நீக்கலாம் என்ற செய்தி வந்தபின் வடத்தைக் கழற்றுங்கள். செய்தி வரவில்லையெனில் ஏதோவொரு மென்பொருள் அதனை இன்னும் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது. கணினியையே அணைத்துவிட்டுக் கழற்றுவது அப்போது நல்லது.